வாங்கும்போதே முடிவைக் கேளுங்கள்: தொலைக்காட்சி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களில் புதிய தொடர்களைத் தேர்ந்தெடுத்தும், ஒவ்வொரு மே மாதமும் எதை நீட்டிப்பது, எதை நிறுத்துவது என்று தீர்மானித்தும் வருகிற நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

தமிழில் எழுதப்படும் இந்த மடல் உங்கள் மேசைக்கு நேரே வந்து சேராது என்பதை அறிவேன். ஆனாலும் நீங்கள் பாதியில் நிறுத்திய தொடர்களைக் கடல் கடந்து உட்கார்ந்து தேடிப் பார்க்கிறவர்கள் நாங்கள் பலர் இருக்கிறோம். எங்களுக்குள்ளாவது இதைப் பேசிவிட வேண்டும். 2012ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, அதே ஆண்டு மே 24 அன்று 13ஆவது அத்தியாயத்தோடு முடிந்துபோன 'அவேக்' என்ற துப்பறியும் தொடரை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

கதையை மறந்திருப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் போலீஸ் துப்பறிவாளர் மைக்கேல் பிரிட்டன், மனைவி ஹன்னாவோடும் மகன் ரெக்ஸோடும் போகும்போது கார் விபத்தில் சிக்குகிறார். அதன்பின் அவருக்கு இரண்டு வாழ்க்கை. ஒன்றில் மனைவி பிழைத்திருக்கிறார், மகன் இல்லை. அங்கே தூங்கிக் கண் விழித்தால் மற்றொன்று: மகன் இருக்கிறான், மனைவி இல்லை. எங்கே விழித்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அவர் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டை அணிந்துகொள்கிறார். மனைவி இருக்கும் பக்கம் சிவப்பு, மகன் இருக்கும் பக்கம் பச்சை. உடன் வேலை செய்யும் அதிகாரி வேறு, விசாரிக்கும் வழக்கு வேறு, அவரைச் சோதிக்கும் மனநல மருத்துவரும் வேறு. ஒரு பக்கத்து வழக்கில் கிடைத்த துப்பு மறுபக்கத்து வழக்கைத் திறந்துவிடும்.

முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி வரும். இரண்டு மருத்துவர்களுமே தங்கள் உலகம்தான் நிஜம் என்று வாதிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்க அரசியல் சாசனத்தை பிரிட்டனிடம் கொடுத்து ஒரு பகுதியை வாசிக்கச் சொல்கிறார். மனப்பாடமாகத் தெரியாத ஆவணத்தைக் கனவில் எப்படி வரி பிசகாமல் வாசிக்க முடியும் என்பது அவருடைய மடக்கு. பிரிட்டனிடம் மறுமொழி இல்லை. அவர் முகத்தில் தோற்றவனின் வருத்தம் தெரிவதில்லை. கேள்வியையே தள்ளிவைக்கிறவனின் பிடிவாதம்தான் தெரிகிறது. ஏனென்றால் எது கனவு என்று முடிவாகிவிட்டால் ஒருவர் நிச்சயமாகச் செத்துவிடுவார். உண்மையைக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர், ஒரே ஓர் உண்மையை மட்டும் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறார். கைல் கில்லன் எழுதிய கதையின் உயிர் இங்கேதான் இருந்தது. ஜேசன் ஐசக்ஸும் அதைப் புரிந்துகொண்டுதான் பிரிட்டனாக நடித்தார்.

இத்தகைய தொடர்கள் தோற்கும்போதெல்லாம் 'மக்களுக்குக் குழப்பமாக இருந்தது' என்ற காரணம் சொல்லப்படுகிறது. இதை நான் ஏற்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவுக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவோ வெற்றிலையை மடித்தபடியே, திரை கொஞ்சம் மஞ்சள் பூசினாற்போல் வந்தால் 'இது பொண்டாட்டி வீடு', நீலம் பாரித்து வந்தால் 'இது பையன் வீடு' என்று என்னை முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். மூன்றாவது அத்தியாயத்தில் நானும் நோட்டை மூடிவைத்துவிட்டேன்.

எனில் தவறு எங்கே நிகழ்ந்தது? தொடரை வாங்கியபோதே நிகழ்ந்தது என்பது என் எண்ணம். என்பிசி நிர்வாகிகளே, வியாழக்கிழமை இரவு 10 மணி என்பது ஒரு காலத்தில் உங்கள் பொற்காலம். 1994 முதல் 2009 வரை 'ஈஆர்' என்ற மருத்துவமனைத் தொடர் அந்த நேரத்தைக் கட்டி ஆண்டது. 2011-12 பருவத்தில் அதே நேரத்தில் முதலில் 'பிரைம் சஸ்பெக்ட்' வந்து போனது, பிறகு 'தி ஃபர்ம்' வந்து சனிக்கிழமைக்குத் தள்ளப்பட்டது, அதன்பிறகே 'அவேக்' வந்தது. எதிரே, போட்டி நிறுவனமான சிபிஎஸ்ஸில் 'தி மென்டலிஸ்ட்'. வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு விடை என்று பழகிய பார்வையாளருக்கு அங்கே எல்லாம் தயாராக இருந்தது. அந்தப் போட்டியில் நிற்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, விளம்பரம் போக மிஞ்சும் நாற்பது சொச்சம் நிமிடங்களுக்குள் இந்தத் தொடர் இரண்டு உலகங்களையும், பெரும்பாலும் இரண்டு வழக்குகளையும் அடக்க வேண்டியிருந்தது. வழக்குக்கு இருபது நிமிடம் என்றால் குற்றவாளியின் பெயர் மனதில் பதிவதற்குள் அவன் கைதாகிவிடுவான். போதாக்குறைக்கு, அந்த விபத்தே மேலதிகாரிகள் செய்த சதி என்று இன்னொரு இழையும் இரண்டாவது அத்தியாயத்திலேயே நுழைந்தது. பல ஆண்டுகள் இழுப்பதற்கு உதவும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், துக்கத்தைப் பற்றிய கதைக்கு வில்லன் தேவைப்படவில்லை.

உங்கள் பக்கம் பேசவும் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் படப்பிடிப்பை இடையில் நிறுத்தி, எழுதுகிறவர்களுக்கு அவகாசம் கொடுத்தீர்கள். கில்லனின் முந்தைய தொடரான 'லோன் ஸ்டார்', அதுவும் இரட்டை வாழ்க்கை வாழ்பவனின் கதைதான், 2010இல் ஃபாக்ஸில் இரண்டே அத்தியாயங்களோடு போய்விட்டதைப் பார்க்கும்போது 13 அத்தியாயங்களையும் ஒளிபரப்பியது பெருந்தன்மை என்றே சொல்ல வேண்டும். தொடங்கிய அன்று சுமார் 60 லட்சம் பேர் பார்த்தார்கள். கடைசி நாளில் அது சுமார் 25 லட்சமாகச் சரிந்திருந்தது. அந்தக் கணக்கோடு நான் வம்புக்கு வரவில்லை.

வம்பெல்லாம் அதற்கு முந்தைய கேள்வியோடுதான். 'இந்தக் கதைக்கு எத்தனை அத்தியாயம் வேண்டும், இது எங்கே முடிகிறது?' என்று வாங்கும்போதே கேட்டீர்களா? 'லைஃப் ஆன் மார்ஸ்' தொடரை நினைவுபடுத்துகிறேன். விபத்தில் அடிபட்டு 1973இல் கண் விழிக்கும் துப்பறிவாளரின் கதை அது. பிபிசி அதை 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 16 அத்தியாயங்களாக ஒளிபரப்பி, விடையைச் சொல்லி, அத்தோடு நிறுத்திக்கொண்டது. ஏபிசி அதே கதையை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து, 17 அத்தியாயங்களில் நிறுத்தியது. ஆயினும் நிறுத்தப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டதால் எழுதியவர்களால் ஒரு முடிவை அமைக்க முடிந்தது. அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். முடிவு என்று ஒன்று இருந்தது. 2014இல் எச்பிஓ 'ட்ரூ டிடெக்டிவ்' முதல் கதையை எட்டே அத்தியாயங்களில் முடித்தபோது, அளவு குறைவு என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

'அவேக்' நிறுத்தப்படும் செய்தி மே மாத நடுவில் வந்தது. கடைசி அத்தியாயம் அதற்குப் பிறகுதான் ஒளிபரப்பானது. அதில், அந்த இரண்டு மனநல மருத்துவர்களில் ஒருவரான ஈவன்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் உறைந்துபோகிறார். பிரிட்டன் எழுந்து ஒரு கதவைத் திறக்கிறார். மகன் இருக்கிறான், சற்று நேரத்தில் மனைவியும் வருகிறார். இது மூன்றாவது உலகமா, எல்லாமே கனவா, மனம் முறிந்துவிட்டதா என்று எதுவும் சொல்லப்படுவதில்லை. அவர் முகத்தில் சிரிப்பு பரவும்போது தொடர் முடிந்துவிடுகிறது. அம்மா சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அடுத்த வாரம் சொல்லுவானா?' என்று கேட்டார். அடுத்த வாரம் கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இப்படி ஒரே முடிச்சில் நிற்கும் கதை உங்களிடம் வரும்போது, முதல் அத்தியாயத்தை மட்டும் படமாக்கிப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடாதீர்கள். கடைசி அத்தியாயத்தின் சுருக்கத்தையும் எழுதி வாங்குங்கள். ஆறு போதும் என்றால் ஆறுக்கே காசு கொடுங்கள், அந்த ஆறையும் முழுதாக ஒளிபரப்புங்கள். நன்றாகப் போகிறது என்பதற்காக ஏழாவதைக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களைத் தாமதமாகவே பார்க்க நேர்கிற ஒரு தமிழ்ப் பார்வையாளன்