பெட்டியை அணைக்காமல் வைத்திருந்தவர்களுக்கு

நம் சர்வரில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும், கணக்கே இல்லாமல் உதவ வந்தவர்களுக்கும்,

நம் சாட்டும் கோப்புகளும் இருக்கும் சர்வர் பெட்டி வீட்டுக்குத் திரும்பிவிட்டது. மழை வாரத்தில் முடிச்சூரில் வெள்ளம் வந்து என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் அதே தண்ணீரில் நின்றவர்கள். சுவரில் ஈரவாடை இன்னும் போகவில்லை. எல்லாம் காய்ந்த பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே.

முதல் நன்றி தாம்பரம் ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மாடியில் கடை. இன்வெர்ட்டர் உண்டு, ஃபைபர் இணைப்பும் அறுபடவில்லை. அவரோடு எனக்குப் பழக்கம் என்றால் ஆதார் நகல் எடுத்த பழக்கம்தான். பாலித்தீன் பையில் சுற்றிய மினி பிசியை மேசைமேல் வைத்து, கொஞ்ச நாள் இங்கே ஓடட்டுமா என்று கேட்டேன். வாடகைப் பேச்சே எடுக்கவில்லை. "உள்ள என்ன தம்பி இருக்கு?" என்றார். நாங்கள் பேசிக்கொள்வது, எல்லார் வீட்டுப் பத்திர ஸ்கேன், பிள்ளைகள் போட்டோ என்றேன்.

"நான் பாத்துட்டா?"

பார்க்க முடியாது, வட்டு முழுவதும் லக்ஸ் என்ற மறையாக்கப் பூட்டில் இருக்கிறது, பெட்டியை யார் கழற்றிக்கொண்டு போனாலும் ஒன்றும் புரியாது என்றேன். சாட் செய்திகள் ஓமெமோ என்ற மறையாக்க முறையில் அனுப்புகிறவர் போனிலேயே பூட்டப்படுகின்றன. சர்வர் நடத்தும் நானே படிக்க முடியாது. யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள் என்பது சர்வருக்குத் தெரியும், அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அது தெருவுக்கே தெரியுமே," என்றார். பிறகு, "படிக்க முடியாதுன்னா நல்லதாப் போச்சு. எனக்குப் பொறுப்பு கம்மி. வச்சிட்டுப் போ."

மறையாக்கம் பற்றி எத்தனையோ பட்டறைகளில் பேசியிருக்கிறேன். அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் பாதுகாப்பு என்றுதான் எப்போதும் சொல்வேன். பெட்டியைத் தன் இடத்தில் வைத்துக்கொள்கிறவருக்கும் அது நிம்மதி தரும் என்பது அக்கா சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது இடம் கொடுத்ததற்கு மட்டுமில்லை. கடை மூடும்போது மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு ஷட்டரை இழுப்பது அவர் வழக்கம். நம் பெட்டிக்கு அது ஆகாது. கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்திருக்காது. நான் கடவுச்சொற்றொடர் கொடுத்தால்தான் வட்டு திறக்கும். பூட்டுப் போட்டால் இந்தச் சங்கடம் கூடவே வரும். இதை எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, "மெயின நிறுத்தினா உனக்குத் தொந்தரவா?" என்று அவரே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன் மிஷின், பிரிண்டர், ஃபேன், லைட் என்று ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அதுவும் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில். உதவிக்கு வரும் பையன் பழக்க தோஷத்தில் மெயினில் கை வைத்துவிடக் கூடாதென்று, பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, சுவிட்சுக்கு மேலே ஒட்டியும் வைத்தார்: "அணைக்காதே. ஆளுங்க பேசிட்டிருக்காங்க."

பட்டாவும் ரேஷன் கார்டும் நனைந்துபோனவர்கள் நம் கோப்புக் கிடங்கான நெக்ஸ்ட்கிளவுடிலிருந்து ஸ்கேனை இறக்கி அதே கடையில் பிரிண்ட் எடுத்தார்கள். அவர்களிடம் அக்கா காசு வாங்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கடை இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தது. பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி என்பதால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. தன் வாடகை சர்வருக்கும் நம் பெட்டிக்கும் இடையே வயர்கார்ட் என்ற மறையாக்கச் சுரங்கம் போட்டு வழி செய்தவர் கோவை நண்பர். எல்லாவற்றையும் அந்த வாடகை சர்வரிலேயே போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். நம் படங்கள் அதன் வட்டில் கொள்ளாது. டொமைன் நம்முடையது என்பதால் அது எந்த ஐபிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மாற்றியதோடு வேலை முடிந்தது, உங்கள் முகவரி எழுத்து மாறாமல் இருந்தது. நம் சர்வர் படுத்திருந்த நேரத்தில் தன் எக்ஸ்எம்பிபி (நம் சாட் ஓடும் அதே திறந்த முறை) சர்வரில் ஓர் அறை திறந்து, யார் எங்கே பத்திரமாக இருக்கிறார்கள் என்று தகவல் சேர்த்த தோழிக்கும், யூபிஐயில் பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாமல் இருப்பவர்களுக்கும் நன்றி. 1999இல் எக்ஸ்எம்பிபியின் முன்னோடியான ஜாபரை வெளியிட்ட ஜெரமி மில்லர், 2014 முதல் கான்வர்சேஷன்ஸ் சாட் செயலியை எழுதிவரும் டேனியல் குல்ட்ச், சாட் சர்வர் மென்பொருள் எழுதும் ப்ரோசடிக்காரர்கள், இயங்குதளம் தரும் டெபியன்காரர்கள் எல்லோருக்கும் கூட. நாம் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. போன் நம்பர் கேட்காமல் அவர்கள் செய்து வைத்ததால்தான் சிம் நனைந்துபோன பெரியவர்களும் பழைய டேப்லட்டிலிருந்து உள்ளே வந்தார்கள்.

"யாரையும் நம்பாதே, கணிதத்தை நம்பு" என்று நான் பேசும் இடங்களில் ஸ்லைடு போடுவேன். இனி அதைப் போட மாட்டேன். கணிதம் அதன் வேலையைச் செய்தது, சரிதான். மெயினில் கை வைக்காமல் இருந்தது ஒரு மனுஷி.

அடுத்த மழைக்குள் செய்து முடிக்க வேண்டியவை சில இருக்கின்றன. இன்னொரு பெட்டி, இன்னொரு ஊரில், மாடி வீட்டில். எனக்கு ஏதாவது ஆனால் வேறொருவர் எடுத்து நடத்த, தமிழில் ஒரே ஒரு ஏ4 தாளில் செய்முறை. கடவுச்சொற்றொடர் இனி என் ஒருவன் தலையில் இருக்கக் கூடாது. 1979இல் மறையாக்க அறிஞர் ஆதி ஷமீர் சொன்ன முறைப்படி மூன்று பங்காக்கி, எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கும்படி வைக்கப்போகிறேன். ஒரு பங்கு அக்காவிடம். அவர் அதையும் லேமினேட் செய்துவிடவா என்று கேட்டார்.

வரும் ஞாயிறு காலை இரண்டாம் பெட்டியை இணைக்கிறோம், சர்வர் கொஞ்ச நேரம் நிற்கும். அதுவரை பெரிய வீடியோக்களை ஏற்றாதீர்கள். மாடியில் இடம் தர முடிந்தவர்கள் எனக்குத் தனியே எழுதுங்கள்.