பெட்ரோலுக்கு இடமில்லாத மானியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளைப்பேற்றில் இறக்கும் தாய்மார்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மருத்துவமனைகளைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தீர்கள். அந்தப் பெண்களுக்குத் துணை நிற்கும் சிறு குழுக்களைப் பற்றியும், அவற்றுக்குப் பணம் எப்படி வருகிறது என்பதைப் பற்றியும் ஒரு வரி கூட இல்லை. நான் நியூ ஜெர்சியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்காளராக இருக்கிறேன். கறுப்பினப் பெண்கள் நடத்தும் டூலா குழு ஒன்றுக்கு நான்கு ஆண்டுகளாகச் சம்பளம் வாங்காமல் கணக்கு எழுதித் தருகிறேன்.

டூலா மருத்துவச்சி அல்ல. கர்ப்பகாலத்திலும் வலி கண்ட நேரத்திலும் பிள்ளை பெற்ற பிறகும் கூடவே இருந்து, தாய் சொல்வதை மருத்துவர் காதில் விழச் செய்பவள். என் மூத்த மகள் பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பிரசவ அறையில் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையக் கணக்குப்படி, 2023இல் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்கு இறந்த கறுப்பினத் தாய்மார் 50.3 பேர், வெள்ளையர் 14.5 பேர். பணமும் புகழும் இருந்தாலும் தப்பிவிட முடியாது. 2017இல் குழந்தை பெற்ற டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறது என்று தானே சொல்லிப் போராடித்தான் பரிசோதனை செய்துகொண்டார். அவர் நிலையே அது.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதுப் பெண். பிள்ளை பெற்று ஐந்தாம் நாள். தலைவலி என்று மருத்துவமனைக்குப் போன் செய்தவளைத் தூங்கி எழச் சொல்லிவிட்டார்கள். எங்கள் டூலா இரவு ஒன்பது மணிக்கு அவள் வீட்டுக்குப் போய் ரத்த அழுத்தக் கருவியைக் கையில் சுற்றினார். 168க்கு 110, ஆபத்தான அளவு. கால் மணி நேரம் விட்டு மறுபடி பார்த்தார், இன்னும் ஏறியிருந்தது. குழந்தையையும் தூக்கிக்கொண்டு தன் காரிலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனார். விடியும் வரை அங்கிருந்து நகரவில்லை. பெண் பிழைத்தாள்.

அந்த இரவைக் கணக்கில் ஏற்ற எனக்குத் தலைப்பே கிடைக்கவில்லை. எங்கள் குழுவுக்கு அந்த ஆண்டு வந்த மானியத்தில், அதாவது இன்னின்னதற்கு என்று கட்டிப்போட்டு வரும் உதவித்தொகையில், கருவி வாங்கலாம், துண்டறிக்கை அச்சடிக்கலாம். பெட்ரோலுக்கும் போன் கட்டணத்துக்கும் கண்விழித்தவரின் ஊதியத்துக்கும் இடமில்லை. அதுவும் பன்னிரண்டு மாத மானியம். முதலில் கைக்காசைச் செலவழித்துவிட்டு, ரசீது காட்டித்தான் திரும்பப் பெற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை வேறு. அறிக்கை எழுத உட்காரும் நாளில் டூலாவால் ஒரு தாயையும் பார்க்க முடியாது. 2021 முதல் நியூ ஜெர்சியில் மெடிக்கெய்ட் என்னும், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு டூலாவுக்குப் பணம் தருகிறது, நல்லதுதான். ஆனால் அது வேலை முடிந்த பிறகு வரும் பணம். அதுவரை வாடகை யார் கட்டுவது?

கொடுப்பவர்களிடம் பணம் இல்லாமல் இல்லை. அமெரிக்க அறக்கட்டளைகள் ஓராண்டில் வழங்கிய 6,690 கோடி டாலரில் வெள்ளையரல்லாத பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்று போய்ச் சேர்ந்தது அரை சதவீதம்தான் என்று பெண்களுக்கான அறக்கட்டளையான மிஸ் பவுண்டேஷன் 2020இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கலிபோர்னியாவின் கிரவுண்ட்ஸ்வெல் ஃபண்ட் எல்லாத் தாய்மாருக்கும் பாதுகாப்பான, மரியாதையான பிரசவம் என்னும் மகப்பேற்று நீதிக்கென்றே தனி நிதி வைத்து இப்படிப்பட்ட குழுக்களுக்குக் கொடுக்கிறது. அப்படிக் கொடுப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் என் கண்ணில் பட்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான்: மூன்று ஆண்டுகளுக்காவது, எதற்கு என்று கட்டிப்போடாத பணமாகக் கொடுக்க வேண்டும். எதற்குச் செலவழிப்பது என்பது இரவில் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறவருக்குத் தெரியும். இங்கே பெரிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம்மவர் பலர் தாங்கள் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமான தொகையை நிறுவனத்திடமிருந்தும் பெற்றுத் தர முடியும். கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் மனமாரக் கொடுப்பவர்கள், தங்கள் ஊரில் இப்படியொரு குழு இருக்கிறதா என்றும் விசாரித்துப் பாருங்கள். கொடுக்கும்போது ‘பொதுச் செலவுக்கு’ என்று எழுதிக் கொடுங்கள்.

எங்கள் குழுவின் இப்போதைய மானியம் செப்டம்பர் 30ஆம் தேதி முடிகிறது. அக்டோபரில் பேறுகாலம் குறித்திருக்கும் பதினொரு பெண்களின் பெயர்கள் இப்போதே பதிவேட்டில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி