தொகுதிப் பங்கீடு பேசும் எதிர்க்கட்சிகளுக்கு, பந்தலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய எதிர்க்கட்சித் தலைவர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு எதிர்வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டுமில்லை, நாளைக்கு அங்கே வந்து உட்காரப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் அந்த வரிசை யாருக்கும் நிரந்தரம் இல்லை, யாரையும் விட்டு வைத்ததும் இல்லை. யாரோடு சேர வேண்டும், யாரைக் கழற்றிவிட வேண்டும் என்றெல்லாம் சொல்ல நான் வரவில்லை, அதற்கு உங்களிடம் ஆட்கள் நிறைய. நான் கேட்பது ஒன்றுதான். யாருக்கு எத்தனை சீட் என்று எழுதும் அதே ஒப்பந்தத் தாளில், ஜெயித்து வந்தால் ஓட்டுப் போடும் முறையையே மாற்றுவோம், ஒரே ஒருவருக்குப் போடுவதற்குப் பதிலாக வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போட வைப்போம் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஊட்டி தொகுதியைத் திமுக காங்கிரசுக்குக் கொடுத்தது, அதிமுக பாஜகவுக்குக் கொடுத்தது. அரை நூற்றாண்டாக இந்த மாநிலத்தை மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளின் சின்னமும் அந்த மெஷினில் கிடையாது. உதயசூரியனைத் தேடியவருக்குக் கை, இரட்டை இலையைத் தேடியவருக்குத் தாமரை, இரண்டும் பிடிக்காதவர் மற்றவர்களில் ஒருவருக்குப் போட்டால் 'ஓட்டை வீணாக்கிட்டியே' என்று வீட்டிலேயே ஏச்சு. காங்கிரஸ் ஐந்தாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தது. யார் ஜெயித்தார்கள் என்பதில் எனக்குப் புகார் இல்லை. ஊட்டிக்காரர்களுக்கு எந்தச் சின்னம் என்பது சென்னையில் ஒரு அறைக்குள் முடிவானது, அதில்தான் புகார்.

இங்கே, பந்தலூர் சேர்ந்திருக்கும் எங்கள் கூடலூர் தொகுதியில் அதே தேர்தலில் அதிமுக ஜெயித்த வித்தியாசம் இரண்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்ததை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த ஓட்டுக்காரர்களின் அடுத்த விருப்பம் யார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க இந்த முறையில் வழியும் இல்லை.

2014 மக்களவைத் தேர்தலையும் நினைவுபடுத்த வேண்டும். நீலகிரியில் பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியாகி, அந்த அணிக்கு ஆளே இல்லாமல் போனது. அந்த வருஷம் நாட்டிலேயே அதிகமாக நோட்டா விழுந்த தொகுதி எங்களுடையதுதான், 46,559 ஓட்டு. மலையேறி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, மை வைத்துக்கொண்டு, 'யாரும் வேண்டாம்' என்று அத்தனை பேர் அழுத்திவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் ஒரே காரணம் இருந்திருக்காது. ஆனால் எந்தக் கட்சியாவது அதற்குப் பிறகு வந்து 'ஏனப்பா?' என்று கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்கள் சொந்தக் கணக்குக்கு வருகிறேன். 1991ல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கிய திமுகவுக்கு 234ல் கிடைத்தது 2 இடம். 1996ல் அதே மாதிரி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கிய அதிமுகவுக்கு 4 இடம். 2014ல் அதிமுக 44 சதவீத ஓட்டில் 39ல் 37ஐ எடுத்துக்கொண்டது, 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய திமுகவுக்குப் பூஜ்யம். 2024ல் அதிமுக அணி சுமார் 23, பாஜக அணி சுமார் 18, இரண்டுக்கும் சேர்த்துப் பூஜ்யம். அதாவது நூற்றுக்கு நாற்பது பேரின் ஓட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் ஒரு நாற்காலி இல்லை. தோற்ற வருஷம் 'இது என்ன நியாயம்' என்று எல்லாரும் கேட்கிறீர்கள். அடுத்த தேர்தலில் அதே அநியாயம் உங்கள் பக்கம் வந்து விழுந்தால் அதற்குப் பெயர் 'வரலாறு காணாத வெற்றி' ஆகிவிடுகிறது.

நான் கூட்டணிக்கு எதிரி இல்லை. இந்த முறை இருக்கும் வரை சேராமல் நின்றால் என்ன ஆகும் என்று 2016ல் மக்கள் நலக் கூட்டணி காட்டியது. மூன்றாவது அணி என்று நின்றார்கள், ஒரு இடம்கூட இல்லை, அந்தப் பக்கம் அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் நடுவே இருந்த இடைவெளியோ ஒரு சதவீதம் அளவுதான். அப்புறம் வருஷக்கணக்கில் 'பி டீம்' என்று ஏச்சு வாங்கினார்கள். ஆக சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சேர்வதும் வெறும் கூட்டல் கணக்கு இல்லை. 2024ல் நீலகிரியில் ஆ. ராசாவுக்கு 4.73 லட்சம், பாஜகவின் எல். முருகனுக்கு 2.32 லட்சம், அதிமுக வேட்பாளருக்கு 2.20 லட்சம். பின்னவை இரண்டையும் அப்படியே கூட்டினாலும் ராசாவை எட்டாது. சரி, கூட்டவாவது முடியுமா? இரட்டை இலைக்குப் போட்டவர் எல்லாரும் தாமரைக்குப் போடுவாரா, தாமரைக்குப் போட்டவர் எல்லாரும் இலைக்கு வருவாரா? ராசா வாங்கியதும் பாதிக்குக் கொஞ்சம் கீழேதான். பாதியைத் தாண்டியவர்தான் ஜெயித்தவர் என்று ஒரு விதி இருந்திருந்தால், கடைசியில் வந்தவர்களின் ஓட்டுச் சீட்டைத் திருப்பி 'உங்கள் இரண்டாவது விருப்பம் யார்' என்று பார்த்திருப்பார்கள். அவரே ஜெயித்திருக்கலாம், வேறு யாராவதும் வந்திருக்கலாம். எப்படியானாலும் யாரும் யாருக்கும் சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை பாதி குறைந்திருக்கும்.

மேலே போட்ட ஒப்பந்தம் கீழே எப்படிச் சரிகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. 2022 மார்ச் 4ஆம் தேதி நகராட்சி, பேரூராட்சித் தலைவர் தேர்தலில் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய பல இடங்களில் திமுககாரர்களே போட்டி போட்டு ஜெயித்து, கட்சித் தலைமையே அவர்களை ராஜினாமா செய்யச் சொல்ல வேண்டி வந்தது. இன்னொன்று, எங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது: 2024ல் காங்கிரசும் இந்தியக் கம்யூனிஸ்டும் பந்தலூர் பஜாரில் ஒரே மேடை, ஒரே வேட்பாளர். பாட்டவயல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வயநாட்டில் ராகுல் காந்தியை எதிர்த்து நின்றது அதே கம்யூனிஸ்ட் கட்சியின் ஆனி ராஜா. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கும் எங்களுக்கு அந்த ஒரு மாதம் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், விருப்ப வரிசை உங்களுக்குப் புதிது இல்லை. மாநிலங்களவைக்கு ஆள் அனுப்பும்போது எம்எல்ஏக்கள் 1, 2, 3 என்று எண் போடுகிறார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலும் அப்படித்தான், அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறது. 1969ல் வி.வி. கிரிக்கு முதல் எண்ணிக்கையில் பெரும்பான்மை வரவில்லை, இரண்டாவது விருப்பங்களைக் கூட்டிய பிறகுதான் நீலம் சஞ்சீவ ரெட்டியை முந்தினார். ஆக, நீங்கள் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது நுணுக்கமான முறை, நாங்கள் உங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் ஒரு பொத்தான், ஒரு பீப் சத்தம்.

'படிக்காத ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது' என்று யாராவது சொல்லுவீர்கள், அதனால் முன்கூட்டியே பதில். எங்கள் குடும்பம் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இங்கே வந்த குடும்பம், டேன்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் லயத்தில்தான் வளர்ந்தேன். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அப்பா தலைமுறைக்கு அங்கே ஓட்டே இல்லை, முதல் ஓட்டை இந்த மண்ணில் வந்துதான் போட்டார்கள். வர முடியாமல் தங்கிவிட்ட சித்தி குடும்பம் ஹட்டனில் இருக்கிறது. பின்னாளில் குடியுரிமை கிடைத்து, இன்றைக்கு அவர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது X குறி, போட்டுவிட்டு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடுகிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எண் போடலாம். 2024 செப்டம்பரில் யாருக்கும் பாதி வராமல், அங்கே முதல் முறையாக இரண்டாவது விருப்பத்தை எண்ணினார்கள். சித்தி மகனிடம் போனில் 'குழப்பம் இல்லையா?' என்று கேட்டதற்கு, 'இதில் என்ன குழப்பம், முதலில் யார், அவர் இல்லை என்றால் யார், அவ்வளவுதானே' என்றான். கொழுந்து பறிக்கிறவன், பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்ததில்லை.

அந்த நாட்டுக்கு, வாங்கும் ஓட்டு விகிதப்படி இடம் கொடுக்கும் விகிதாசார முறை வந்த கதையும் நீங்கள் படிக்க வேண்டியது. 1977ல் ஐக்கிய தேசியக் கட்சி பாதி ஓட்டை ஒட்டி வாங்கி 168ல் 140 இடம் பிடித்தது. சுமார் 30 சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8. அதைவிட மிகக் குறைவாக வாங்கிய தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடத்தோடு பிரதான எதிர்க்கட்சி. மறு வருஷம் புது அரசமைப்பில் முறையை மாற்றியது, பழைய முறையில் அள்ளிக்கொண்டு போன ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜெயவர்த்தனாவேதான். அவர் நோக்கத்தைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் ஜெயித்தவர் கையால் மாறியது.

இந்தப் பழைய முறையை நமக்குக் கொடுத்துவிட்டுப் போன பிரிட்டனிலிருந்து ஒரு எச்சரிக்கை. 2010ல் லிபரல் டெமாக்ராட்டுகள் கன்சர்வேட்டிவ்களோடு ஆட்சியில் சேரும்போது வாக்கு முறை பற்றிப் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். 2011ல் அது நடந்தபோது கூட்டாளியான கன்சர்வேட்டிவ்களே எதிர்த்துப் பிரச்சாரம் செய்தார்கள், 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வாக்கெடுப்பு நடத்துகிறோம் என்று மட்டும் வாங்கிய வாக்குறுதி எதற்கும் உதவாது. முறையை மாற்றுவோம் என்றே எழுத்தில், நாள் குறித்து வாங்க வேண்டும்.

நம் ஊரில் எங்கே தொடங்குவது? மக்களவை, சட்டமன்ற முறையை மாற்ற நாடாளுமன்றம்தான் வேண்டும். 1999லேயே சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கை மக்களவையில் நாலில் ஒரு பங்கு இடங்களைக் கூடுதலாகச் சேர்த்து, கட்சிகள் வாங்கும் ஓட்டு விகிதப்படி நிரப்பலாம் என்று சொன்னது. 2015ல் இன்னொரு அறிக்கையும் அந்த யோசனையைத் திரும்பப் பேசியது. அலமாரியில் இருக்கிறது, டெல்லிக்குப் போகும் உங்கள் எம்பிக்கள் எடுத்துப் படிக்கட்டும். எங்கள் மாவட்டத்துக்கு அது வேறு விதத்திலும் முக்கியம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று இத்தனை பழங்குடிகள் இருந்தும் பழங்குடியினருக்கான தனித்தொகுதி இங்கே ஒன்றுகூட இல்லை, மாநிலத்தில் இருக்கும் இரண்டும் ஏற்காடும் சேந்தமங்கலமும்தான். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற கணக்கில் பணியர் காலனிக்கு எப்போது முறை வரும்?

ஆனால் உள்ளாட்சித் தேர்தலுக்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், சட்டமன்றத்தில் சட்டம் போட்டால் போதும். மெஷினைச் சாக்காகவும் சொல்ல முடியாது, ஊராட்சித் தேர்தல் இன்னும் காகிதத்தில்தான் நடக்கிறது. 2019 டிசம்பரில் சேரங்கோடு ஊராட்சியில் நாலு பதவிக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டு கொடுத்தார்கள். பக்கத்து லயத்துப் பாட்டி ஒருத்தி நாலையும் முத்திரை குத்தி, மை படாமல் மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு, 'அடுத்தது எங்கேப்பா?' என்று கேட்டாள். சின்னத்துக்குப் பக்கத்தில் 1, 2 என்று எழுதச் சொன்னால் எழுதுவாள், தினமும் கொழுந்து எடைச் சீட்டைச் சரிபார்த்து மேஸ்திரியிடம் சண்டை போடுகிறவள்தான் அவள். எண்ண நேரமாகும் என்பது உண்மை. 2020 ஜனவரியிலும் விடிய விடிய எண்ணினார்கள், ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆகவே அந்த வரி இப்படி இருக்கட்டும்: 'இந்தக் கூட்டணி ஆட்சிக்கு வந்தால், முதல் ஆண்டிலேயே உள்ளாட்சித் தேர்தலில் விருப்ப வரிசை வாக்கு முறைக்குச் சட்டம் கொண்டுவரும். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் அதை நாடாளுமன்றத்தில் கேட்டு, சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றும்.' கீழே எல்லாக் கட்சித் தலைவர்களின் கையெழுத்து. எங்கள் பக்கம் பிரச்சாரத்துக்கு வரும்போது ஆளுக்கொரு நகல் கொடுங்கள், தமிழில்.

இப்படிக்கு,
பந்தலூர் வாக்காளர் ஒருவர்