ஸ்பூன் கணக்கு

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வந்து மேசை மேலேயே கிடக்கிறது. நான் பதில் போடவில்லை என்று நீ மாணிக்கத்திடம் புலம்பியதும் காதுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆளிடம் சொன்னால் எது ஊர் சுற்றாமல் இருக்கும்? இங்கே எல்லோரும் சுகம். என் முட்டி அப்படியேதான். உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு, தங்கச்சி சொல்வதைக் கேள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. மீனு விடுப்பு முடிந்து ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளைக்குக் காலை ஷிப்ட். பாப்பாவுக்கு மதியச் சாப்பாடு ஊட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. உன் மருமகளுக்கு மாசம் நெருங்கிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அடுத்த வருஷம் நீயும் இதே மாதிரி ஒரு குட்டி நாற்காலிக்கு எதிரே கிண்ணத்தோடு உட்காரத்தான் போகிறாய். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் ஒன்று: அவசரப்படாதே. ஆறு மாதம் முடிகிற வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், அதற்கப்புறம் பாலோடு சாப்பாடு, இதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. சாப்பாடு வந்ததும் பாலை நிறுத்துவதில்லை. இரண்டு வயது வரைக்கும், அதைத் தாண்டியும்கூட, தாய்ப்பால் தொடரலாம். மாதக் கணக்கை மட்டும் பார்க்காமல் குழந்தையையும் பார்க்க வேண்டும். தலை ஆடாமல் நிற்கிறதா, பிடித்து உட்காரவைத்தால் உட்காருகிறதா, கையில் கிடைப்பது வாய்க்குப் போகிறதா என்றெல்லாம் டாக்டர் கேட்டார். இங்கே அம்மணி ரிமோட்டைத் தின்னவே தயாராக இருந்தாள்.

முதல் சில நாள் வைத்ததெல்லாம் நாக்கால் வெளியே தள்ளப்பட்டது. "பிடிக்கலைபோல" என்று பாட்டி சரோஜா முகம் வாடிப்போனாள். விஷயம் அதில்லையாம். வாய்க்குள் பால் தவிர வேறு எது வந்தாலும் நாக்கு முன்னே தள்ளுவது பிறவியிலேயே இருக்கும் ஒரு தற்காப்பு. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது மெல்ல மறைகிறது. மறைந்த பிறகும், உணவை நாக்கின் பின்பக்கம் கொண்டுபோய் விழுங்குவது குழந்தைக்குப் புது வித்தை. பழகத்தானே வேண்டும்?

அப்புறம் வந்தது கெட்டியா தண்ணியா என்கிற சண்டை. தண்ணியாக இருந்தால்தான் இறங்கும் என்பது சரோஜா கட்சி. ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்க வேண்டும் என்பது மீனு கட்சி. இரண்டு பேரும் என்னை நடுவராகப் பார்க்க, நான் கணக்குப் போட்டேன். குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர்தான் கொள்ளும். நம் அம்மணி எடைக்கு ஒரு டம்ளர்கூட முழுசாக இல்லை. ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைக்குப் பால் போக, சாப்பாட்டிலிருந்து மட்டும் தினமும் சுமார் 200 கலோரி வர வேண்டும். அந்தச் சின்ன வயிற்றைத் தண்ணிக் கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், கலோரி வராது. கணக்கு மீனு பக்கம் விழுந்தது. சரோஜா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் அசந்துபோனது இரும்புச்சத்து விஷயத்தில். பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கிவந்த இருப்பு ஆறு மாத வாக்கில் தீர ஆரம்பிக்கிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்கர்களின் அளவு. உனக்கும் எனக்கும் எவ்வளவு தெரியுமா? 8! உள்ளங்கை அகல வயிற்றை வைத்துக்கொண்டு நம்மைவிட அதிகமாக இரும்பு கேட்கிறது அந்த உடம்பு. வெறும் சோறும் வெறும் பழமும் எப்படிப் போதும்? அதனால்தான் ஆரம்பத்திலேயே மசித்த பருப்பு, முட்டை, மீன், நன்றாக வெந்து அரைத்த கறி எல்லாம். கறி மீன் சாப்பிடாத வீட்டில் பருப்போடு தக்காளியோ ஆரஞ்சோ சேர்த்துக் கொடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பு உறிஞ்சிக்கொள்ள உதவும். உங்கள் வீடு அப்படித்தானே, இதைக் குறித்துக்கொள். போதவில்லை என்றால் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பார்.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை சேர்ப்பதில்லை. சரோஜா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சப்புன்னு இருக்கே, குழந்தை எப்படித் தின்னும்?" என்பாள். உப்பென்றால் என்ன என்றே தெரியாத வாய்க்கு எது சப்பு? தேன் விஷயம் அதைவிட முக்கியம். ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் அது ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும், தசையெல்லாம் தளர்ந்துபோகும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. வீட்டுக்கு வந்த ஒருவர் ஆசையாகத் தேன் பாட்டிலோடு வந்தார். வாங்கி, நன்றி சொல்லி, நானே தினமும் நக்கித் தீர்த்தேன்.

நிலக்கடலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் காலத்துக்குப் பின்னால், 2000-ல், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் என்ன சொன்னது தெரியுமா? அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலையே வேண்டாம் என்றது. 2008-ல் அதைக் கைவிட்டார்கள். அப்புறம் லண்டனில் கிடியன் லேக் என்ற டாக்டரின் குழு 640 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தது. எல்லாம் கடுமையான தோல் கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள கைக்குழந்தைகள். பாதிப் பேருக்குக் கடலை கிடையாது, பாதிப் பேருக்கு வாராவாரம் கொடுத்தார்கள், ஐந்து வயது வரை. 2015-ல் முடிவு வந்தது. ஆரம்பத் தோல் பரிசோதனையில் கடலை அலர்ஜி காட்டாதவர்களில், தவிர்த்த பக்கம் 13.7 சதவீதம் பேருக்குப் பின்னால் அலர்ஜி, சாப்பிட்ட பக்கம் 1.9 சதவீதம்! தள்ளிப்போட்டால் பாதுகாப்பு என்று நினைத்தது நேர் தலைகீழாகிவிட்டது. அதற்காக உடனே கடலையை அள்ளிப் போடாதே. கரப்பான் அதிகமாக உள்ள குழந்தை என்றால் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கும் நைசாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, நுனி ஸ்பூன். பகல் நேரத்தில், புதிது ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. முழுக்கடலை ஐந்து வயது வரை கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்துவிடும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும்.

மூச்சடைப்பு வேறு, ஓங்கரிப்பு வேறு என்பது எனக்குப் புரிந்தது ஒரு மத்தியானம். வேகவைத்த கேரட் துண்டு ஒன்றைத் தானே எடுத்து வாயில் போட்டாள். திடீரென்று முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி, நாக்கை நீட்டி ஓங்கரித்தாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. பாய்ந்து விரலை வாய்க்குள் விடப் போனேன், மீனு கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் வருதுப்பா. சத்தம் வந்தால் காற்று போகுது." பாப்பா தானே துண்டை வெளியே தள்ளி, அதையே மறுபடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் கைக்குழந்தைக்கு நாக்கின் முன்பக்கமே இருக்கிறதாம், வளர வளரப் பின்னால் போகும். அது காவல்காரன், பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது மௌனத்துக்கு. மூச்சடைத்த குழந்தை இருமாது, அழாது, நிறம் நீலம் பாயும். அப்போது குப்புறக் கையில் கிடத்தித் தலையைத் தாழ்த்தி முதுகில் ஐந்து தட்டு, திருப்பி மார்பு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து, மாறி மாறி, இன்னொருவர் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். கண்மூடித்தனமாக விரலை விட்டால் துண்டு இன்னும் உள்ளே போகும். வீட்டில் எல்லோரும் பொம்மையை வைத்துப் பழகினோம். நீயும் உன் வீட்டில் எல்லோரையும் பழகச் சொல். இதில் விளையாட்டு வேண்டாம், ரங்கா.

ஓங்கரிப்புக்குப் பயந்து கூழாகவே அரைத்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், பத்து மாதத்துக்கு மேல்தான் கட்டி கட்டியான உணவு கண்ட குழந்தைகளிடம் பிற்பாடு சாப்பாட்டுத் தகராறு அதிகம் இருந்தது. அதனால் இப்போது மிக்ஸிக்கு ஓய்வு. முள்கரண்டியால் மசிப்பதோடு சரி.

இனிமேல்தான் என் பெரிய கவலை. நான் யார், கணக்கு ஆபீஸில் முப்பது வருஷம் தேய்ந்தவன். ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், பண்டம், ஸ்பூன் எண்ணிக்கை, துப்பியது கழித்து நிகரம். ஒரு நாள் கிண்ணம் காலி. மறுநாள் இரண்டு ஸ்பூனோடு வாயை இறுக மூடிக்கொண்டாள். எனக்குத் தூக்கம் போச்சு. எடை பார்க்கப் போனால் முன்னைப்போல ஏறவில்லை. நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடமே போனேன். அவர் புரட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: "சார், பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு. ஒரு வயதில் மூன்று மடங்கு. அப்படியென்றால் வேகம் கூடுகிறதா, குறைகிறதா?" கணக்குக்காரனிடமே கணக்கு. வளர்ச்சி வேகம் தானாகவே குறைகிற பருவம் இது. அவளுடைய எடைக் கோடு வளர்ச்சி அட்டையில் தன் பாதையிலேயே போகிறது, போதும் என்றார்.

மீனு அன்று இரவு நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்தாள். கிளாரா டேவிஸ் என்று ஓர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர். 1920-களில் ஆரம்பித்து, புதிதாகப் பால் மறந்த பதினைந்து குழந்தைகளை வைத்து ஒரு சோதனை. மொத்தம் 34 பண்டங்கள். பழம், காய், தானியம், கறி, முட்டை, பால், எல்லாம் சேர்மானம் இல்லாமல். தட்டை எதிரே வைத்துவிட்டுச் செவிலி ஸ்பூனோடு சும்மா உட்கார்ந்திருப்பாள். குழந்தை கையை நீட்டினால்தான் ஊட்டுவது. "இன்னும் ஒரு வாய்" கிடையாது, பாராட்டு கிடையாது, திட்டு கிடையாது. ஒரு குழந்தை காலையில் ஈரலும் அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறும், ஒன்று ராத்திரி முட்டைகளும் வாழைப்பழமும் பாலும். ஒரு வேளையைப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் எல்லாக் குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்தார்கள். ரிக்கெட்ஸ் என்ற எலும்பு பலவீன நோயோடு வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்த மீன் எண்ணெயை எலும்பு சரியாகிற வரைக்கும் தானே எடுத்துக் குடித்துவிட்டு அப்புறம் விட்டுவிட்டது.

இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு எல்லாம் தெரியும் என்று குதிக்காதே. சூட்சுமம் அந்த 34 பண்டப் பட்டியலில்தான் இருக்கிறது என்று அந்த அம்மாவே எழுதியிருக்கிறார். பட்டியலில் பிஸ்கட்டும் மிட்டாயும் இருந்திருந்தால் கதை வேறு. எலன் சாட்டர் என்ற உணவியலாளர் இதைத்தான் வேலைப் பங்கீடாகச் சொல்கிறார்: என்ன, எப்போது, எங்கே என்பது நம் பொறுப்பு. எவ்வளவு, அல்லது வேண்டவே வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு. நான் இத்தனை நாளும் அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

இப்போது முகத்தைத் திருப்பினால் கிண்ணத்தை எடுத்துவிடுகிறேன். டிவி கிடையாது, பூச்சாண்டி கிடையாது. நேற்று ஒதுக்கியதை நாலு நாள் கழித்து மறுபடி வைப்பேன். ஒரு காயை எட்டுப் பத்துத் தடவை, சில சமயம் அதற்கு மேலும், ருசி பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. கத்தரிக்காய் விஷயத்தில் ஹாஸ்டல் மெஸ் மூன்று வருஷம் கொடுத்த வாய்ப்பு உனக்கே போதவில்லையே.

சரோஜா மட்டும் இன்னும் மாறவில்லை. நான் கிண்ணத்தை எடுத்த பிறகு, முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு பாப்பா பக்கம் போகிறாள். பார்க்காத மாதிரி இருக்கிறேன். பார்த்தால் கெட்டி தண்ணிச் சண்டை மறுபடி ஆரம்பிக்கும். இதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

உன் மருமகள் வீட்டிலோ உங்கள் பக்கமோ யாருக்காவது உணவு அலர்ஜி, ஆஸ்துமா, கரப்பான் உண்டா என்று இப்போதே விசாரித்துவை. டாக்டர் கட்டாயம் கேட்பார், அந்த நேரத்தில் எல்லோரும் முழிப்பார்கள். நாற்காலி வாங்கும்போது காலை ஊன்றப் பலகை உள்ளதாகப் பார்த்து வாங்கு, கால் தொங்கினால் குழந்தை ஒழுங்காக உட்காராது. தரையில் பழைய பெட்ஷீட் விரிக்க மறக்காதே. அப்புறம், கேரட் கொடுத்த மறுநாள் டயப்பரைப் பார்த்துப் பதறி எனக்கு போன் போடாதே. எல்லாம் ஆரஞ்சு நிறத்தில்தான் வரும்.

தங்கச்சிக்கு என் அன்பு. தேதி நெருங்கியதும் எழுது.

உன்,
பாலு