இதயம் நின்ற இரவில் பந்து உருளலாமா? யுஇஎஃப்ஏவுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியத்தை நியோன் நகரிலிருந்து நடத்திவரும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

2021 ஜூன் 12. எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் இரவு பத்தேகால் மணி இருக்கும். கோபன்ஹேகனின் பார்க்கன் மைதானத்தில் யூரோ கோப்பையில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடியச் சில நிமிடங்களே இருந்தன. எல்லைக்கோட்டிலிருந்து டென்மார்க் வீரர் ஒருவர் பந்தை எறிந்தார். அதை வாங்க வந்த டென்மார்க்கின் நடுக்கள ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் தடுமாறினார். பந்து அவர் முழங்காலில் பட்டுத் தெறித்தது. கையைக்கூட ஊன்றாமல் குப்புற விழுந்தார். யாரும் அவரை இடிக்கவில்லை.

நடுவர் ஆந்தனி டெய்லர் நொடியும் தாமதிக்காமல் மருத்துவர்களை அழைத்தார். நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். சக வீரர்கள் அவருக்கு முதுகு காட்டி, அரங்கத்தைப் பார்த்தபடி வட்டமாக நின்று மறைத்தார்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். அணித்தலைவர் சீமோன் கியாரும் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கலும் மைதானத்துக்குள் ஓடிவந்த எரிக்சனின் துணைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். பின்லாந்து ரசிகர்களின் கொடிகள் அவரைச் சுமந்துபோனபோது திரையாயின. பிறகு அரங்கத்தின் ஒரு பக்கம் பின்லாந்துக்காரர்கள் ‘கிறிஸ்டியன்’ என்று கூவ, மறுபக்கம் டென்மார்க்காரர்கள் ‘எரிக்சன்’ என்று முடித்தார்கள். ஒரே ஒரு மின்னதிர்வில் இதயம் மீண்டும் துடித்தது என்று டென்மார்க் அணி மருத்துவர் மார்ட்டன் போசன் மறுநாள் சொன்னார். அதற்கு முன் எரிக்சனின் உயிர் போய்விட்டிருந்தது என்றும் அவரே சொன்னார்.

அன்று களத்தில் நின்ற மருத்துவக் குழுவுக்கும் அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்த உங்களுக்கும் நான் கைகூப்புகிறேன். என் முறையீடு அதற்குப் பின் நடந்ததைப் பற்றியது.

எங்கள் நேரம் நள்ளிரவு 12 மணிக்கு அதே ஆட்டம் மறுபடி தொடங்கியது. கால்பந்தின் விதி ஒன்றும் அறியாத என் அம்மா, “அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டானா?” என்று கேட்பதற்காகவே அதுவரை விழித்திருந்தார். பிழைத்துவிட்டார் என்றேன். வீரர்கள் மறுபடி களத்தில் இறங்குவதைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் பார்த்தேன். மீதமிருந்த சில நிமிடங்களை ஆடி, ஐந்து நிமிட இடைவேளை விட்டு, இரண்டாம் பாதியைத் தொடங்கினார்கள். எரிக்சனின் நெருங்கிய நண்பரான கியார், 63-ஆம் நிமிடத்தில் தொடர முடியாமல் வெளியேறினார். அதற்கு முன்பே பின்லாந்தின் யோயல் போஹ்யன்பாலோ தலையால் முட்டிய பந்து ஷ்மைக்கலின் கையில் பட்டும் உள்ளே போயிருந்தது. பெரிய போட்டி ஒன்றில் பின்லாந்து அடித்த முதல் கோல் அது. ஒரு நாடே காத்திருந்த கோல். அடித்தவர் கொண்டாட ஓடிவந்த தோழர்களைக் கையமர்த்தினார். பிறகு டென்மார்க்குக்குப் பெனால்டி கிடைத்தது. ஹொய்பியர் உதைத்ததில் உயிரே இல்லை, பின்லாந்து கோல்கீப்பர் ஹ்ராடெக்கி பிடித்துவிட்டார். ஒன்றுக்குச் சுழியம் என்று நீங்கள் பதிவுசெய்த அந்த முடிவால் தோற்றவர்களுக்கும் நிம்மதியில்லை, வென்றவர்களுக்கும் மகிழ்ச்சியில்லை.

இரு அணி வீரர்களும் கேட்டுக்கொண்டதால் ஆட்டத்தைத் தொடர்ந்தோம் என்று அன்றிரவு அறிவித்தீர்கள். அவர்கள் முன் இருந்த வழிகள் எத்தனை? அன்றிரவே ஆடலாம், இல்லையேல் மறுநாள் நண்பகலில் ஆடலாம். மருத்துவமனையிலிருந்து எரிக்சன் பேசிவிட்டார் என்ற தைரியத்தில், தூக்கமில்லாத ஓர் இரவுக்குப் பின் திரும்பி வருவதைவிட இப்போதே முடித்துவிடலாம் என்று எடுத்த முடிவு அது. எங்களை அந்த நிலையில் நிறுத்தியிருக்கக் கூடாது என்று ஷ்மைக்கல் பிறகு சொன்னார். ஆடியிருக்கவே கூடாது என்றார் பயிற்சியாளர் காஸ்பர் யூல்மண்ட். கொரோனா தொற்று என்றால் 48 மணி நேரம் தள்ளிவைக்க முடிந்த ஆட்டத்தை, ஒருவரின் இதயம் நின்றபோது தள்ளிவைக்க முடியவில்லை என்ற அவர் ஆற்றாமை நியாயமானது. நண்பன் பிணம்போல் கிடந்ததைப் பார்த்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத இளைஞர்களிடம் வாங்கிய சம்மதத்தை வேண்டுகோள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் சங்கடமும் எனக்குப் புரியாமலில்லை. ஆட்டங்களுக்கிடையே 48 மணி நேர ஓய்வு வேண்டும் என்றீர்கள். பின்லாந்துக்கு ஜூன் 16-இல் ரஷ்யாவோடு அடுத்த ஆட்டம் இருந்தது. ஆனால் அட்டவணை மனிதர் எழுதியதுதானே? அந்த ஆட்டத்தை ஒரு நாள் தள்ளுவது கடினமாக இருந்திருக்கலாம், முடியாததாக இருந்திருக்காது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2012 மார்ச் 17 அன்று லண்டனில் போல்டன் அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஃபாப்ரிஸ் முவாம்பா சரிந்தார். அவர் இதயம் 78 நிமிடம் தானாகத் துடிக்கவில்லை. நடுவர் ஹோவர்ட் வெப் ஆட்டத்தைக் கைவிட்டார். பத்து நாள் கழித்து அதை முதலிலிருந்து ஆடினார்கள். 2023 டிசம்பரில் லூட்டன் அணியின் டாம் லாக்கியர் போர்ன்மவுத்தில் விழுந்தபோது ஆட்டம் 59-ஆம் நிமிடத்தில் இருந்தது. அதையும் நிறுத்தி, மூன்று மாதம் கழித்து முழுதாக ஆடினார்கள். ஃபியோரென்டினாவின் எடோவார்டோ போவே 2024 டிசம்பர் 1 அன்று இன்டர் மிலானுக்கு எதிராகச் சாய்ந்தார். மீதி ஆட்டம் இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் நடந்தது. இவர்களில் யாரும் வீரர்களின் தோளில் கைபோட்டு ‘இன்றா, நாளையா’ என்று கேட்கவில்லை. 2003-இல் லியோனில் கேமரூனின் மார்க்-விவியன் ஃபோ சரிந்தபோதோ ஆட்டம் கடைசி வரை போனது. வென்ற களிப்பில் உடைமாற்றும் அறைக்குத் திரும்பிய தோழர்களுக்கு அதன் பிறகுதான் அவர் இறந்த செய்தி தெரிந்தது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

எரிக்சனை நான் அவர் நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியில் ஆடிய நாட்களிலிருந்து பார்த்துவருகிறேன். 2010 உலகக் கோப்பைக்கு வந்தவர்களில் அவர்தான் மிக இளையவர். பதினெட்டு வயது. வேகத்தாலோ உடல் பலத்தாலோ மிரட்டுகிறவர் இல்லை. பந்து காலுக்கு வரும் முன்பே தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிடுவார். வந்தபின் ஒரே தட்டு, இடக்காலோ வலக்காலோ. லண்டனின் டாட்டன்ஹாம் அணியில் எத்தனையோ கோல்கள் அப்படிப் பிறந்தன. 2017-இல் டப்ளினில் மூன்று கோல் அடித்து டென்மார்க்கை உலகக் கோப்பைக்கு அழைத்துப்போனதும் இதே மனிதர்தான். தன்னைச் சுற்றி நடப்பதையெல்லாம் பார்த்துவிட்டே பந்தைத் தொடுகிறவர் அன்று ஒன்றையும் பார்க்காமல் விழுந்தார்.

இதயம் தப்பித் துடித்தால் மின்னதிர்வு கொடுத்துச் சீராக்கும் சிறு கருவியை அவர் நெஞ்சில் பொருத்தினார்கள். அந்தக் கருவியோடு ஆட இத்தாலிய விதிகள் இடம் தரவில்லை. அவர் அப்போது ஆடிவந்த, சில மாதங்களுக்கு முன் பட்டம் வென்று கொடுத்த இத்தாலிய அணியான இன்டர் மிலானை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2022-இல் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட் அணி அவருக்குக் கதவைத் திறந்தது. மார்ச்சில் டென்மார்க்குக்காக மாற்று வீரராக இறங்கி இரண்டே நிமிடத்தில் நெதர்லாந்துக்கு எதிராகக் கோல் அடித்தார். மூன்று நாள் கழித்து, தான் விழுந்த அதே பார்க்கன் மைதானத்தில் அணித்தலைவராக இன்னொன்று. 2024 ஜூன் 16, ஸ்டுட்கார்ட்: ஸ்லோவேனியாவுக்கு எதிராக 17-ஆம் நிமிடத்தில் நெஞ்சில் பந்தை வாங்கி, அது கீழே இறங்கியதும் வலைக்குள் அனுப்பினார். விழுந்த நாளிலிருந்து 1,100-ஆவது நாள். அந்த நெஞ்சில்தான் கருவி இருக்கிறது.

அவர் மீண்டார் என்பதால் அன்றிரவின் முடிவு சரியாகிவிடாது. மீளாமலும் போயிருக்கலாம்.

2028-இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அடுத்த யூரோ கோப்பை நடக்க இருக்கிறது. அதன் விதிகளில் ஐயத்துக்கு இடமில்லாமல் இதை எழுதிவையுங்கள்: களத்தில் ஒருவரின் இதயம் நின்றால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது, நடுவர் அறிவிப்பார், வீரர்களைக் கேட்க வேண்டியதில்லை, குறைந்தது 48 மணி நேரத்துக்கு அந்த ஆட்டம் தொடராது. அதற்கென்று குழுச் சுற்றுகளில் ஒரு நாளை ஒதுக்கிவையுங்கள். அடுத்த கியாருக்கு 63 நிமிடம் வரை தாங்கிப் பார்க்க வேண்டிய நிலை வரக் கூடாது.

இப்படிக்கு,
அந்த இரவில் விழித்திருந்த ஒரு ரசிகன்