ஸ்டிக்கர் அட்டவணை யோசனை பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகனுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்டதற்கு உங்கள் பெற்றோர் பக்கத்தில் பதில் போட்டிருந்தீர்கள். ஒரு பாடம் முடித்தால் ஒரு ஸ்டிக்கர், பத்து ஸ்டிக்கர் சேர்ந்தால் பரிசு, அதற்குச் சுவரில் ஓர் அட்டவணை. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை, ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் இதுவரை கற்றதிலேயே பெரிய பாடம் எது? பேச்சு. நான்கு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் முழு வாக்கியத்தில் பேசி, சண்டை போட்டு, சாக்குச் சொல்லி, கதையும் அளக்கக் கற்றுவிடுகிறார்கள். யாரும் அதற்குப் பாடத்திட்டம் போடவில்லை, தேர்வு வைக்கவில்லை, ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. வளர்ந்த பிறகு வேறொரு மொழியோடு மல்லுக்கட்டியவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்வார்கள். அதை அவ்வளவு ஆசையாகச் செய்து முடித்த பிள்ளைக்கு 'ஆர்வம் இல்லை' என்று பட்டம் கட்டுகிறோம் என்றால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

குழந்தைகளின் காது எவ்வளவு கூர்மை என்றால், ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களுக்கு ட, த இரண்டையும் பிரித்துக் கேட்பது கஷ்டம், ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியில் உள்ள அதே வேறுபாட்டைச் சுலபமாகக் கண்டுகொள்கிறார்கள். ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடுகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் 1984இல் காட்டியது இது. தன்னைச் சுற்றிப் பேசும் மொழிக்கு எந்த ஒலி தேவையோ அதில் குழந்தை ஊன்றிக்கொள்கிறது. சரி, காதில் விழுந்தால் மட்டும் போதுமா? போதாது. பட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளின் எதிரில் உட்கார்ந்து மாண்டரின் சீனத்தில் பேசி, புத்தகம் காட்டி, விளையாடினார்கள், மொத்தம் 12 முறை. அந்த மொழியின் ஒலிகள் குழந்தைகளுக்குப் பிடிபட்டன. அதையே திரையில் ஓடவிட்டபோது ஒன்றும் ஏறவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதே ஆண்டு மைக்கேல் கோல்ட்ஸ்டைனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட இன்னொன்று. 8 மாதம் வாக்கிலான குழந்தை ஏதாவது சத்தம் எழுப்பியதும் தாய் உடனே சிரிக்க வேண்டும், கிட்டே வர வேண்டும், தொட வேண்டும். இன்னொரு குழுவிலும் தாய்மார் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள், ஆனால் குழந்தை சத்தம் எழுப்பியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முதல் குழுவில் மழலை அந்த ஒரே அமர்வுக்குள் பேச்சுக்கு நெருக்கமான ஒலியாக மாறியது, இரண்டாவதில் மாறவில்லை. இரண்டு பக்கமும் கொஞ்சல் ஒரே அளவுதான், நான் செய்தேன் அதனால் ஒன்று நடந்தது என்ற உணர்வு மட்டும் ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் இல்லை. பேச வைப்பது அதுதான்.

திருத்துவதா? வீட்டில் நாம் அதிகம் திருத்துவதே இல்லை. பெற்றோர் பார்ப்பது பிள்ளை சொன்ன விஷயம் சரியா என்பதைத்தான், இலக்கணத்தை அல்ல என்று ரோஜர் பிரவுனும் கமீல் ஹான்லனும் 1970இலேயே எழுதினார்கள். 'மாடு வர்றான்' என்று பிள்ளை சொன்னால் 'ஆமாடா, பெரிய மாடு' என்கிறோம், வந்தது ஆடாக இருந்தால்தான் 'அது ஆடு' என்கிறோம். பிள்ளை கேட்டுக் கேட்டுத் தானாகவே 'வருது' என்பதற்கு வந்து சேர்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் தானாக வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. 12 மாதத்தில் மழலை இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை, அல்லது வந்த சொற்கள் போய்விட்டன என்றால் மருத்துவரிடம் போக வேண்டும், முதலில் காதைச் சோதிக்க வேண்டும். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் பேச்சு தாமதம் என்று சொல்லி நாள் கடத்துவார்கள், அதை நம்பாதீர்கள்.

பள்ளிக்கூடம் ஆரம்பித்ததும் எல்லாம் தலைகீழாகிறது. பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லை, கேட்காத கேள்விக்கு அது பதில் எழுத வேண்டும், தப்பினால் சிவப்பு மை. அதில் ஆர்வம் வடிந்த பிறகு பரிசைக் காட்டி இழுக்கப் பார்க்கிறோம். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் இதைச் சோதித்தார்கள். படம் வரைய ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில், அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களைவிடப் பாதி அளவுக்குக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு இந்தக் குறைவு இல்லை. ஆக, கெடுதல் பொருளில் இல்லை, 'இதைச் செய்தால் அது கிடைக்கும்' என்ற பேரத்தில் இருக்கிறது. அறவே பிடிக்காத ஒன்றைத் தொடங்கிவைக்கச் சின்னப் பரிசு உதவலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் சுவரில் அட்டவணை ஒட்டினால் பிடித்த பாடத்துக்கும் பிடிக்காத பாடத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடுவோம்.

வாசிப்பும் கணக்கும் பேச்சு மாதிரி சும்மா இருந்தால் வந்துவிடாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். எழுத்து தோன்றியே சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன, அதை ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் வரும், பயிற்சியும் வேண்டும், சில நாள் அலுப்பாகவும் இருக்கும். அந்த அலுப்பைத் தாங்க வைப்பது எது என்பதுதான் கேள்வி. தான் படித்த வரியைக் கேட்டுச் சிரிக்க ஒரு ஆள் இருந்தால், தப்பான கணக்கைப் பார்த்து 'இது எப்படி வந்தது, சொல்லு' என்று உண்மையாகவே கேட்க ஒரு ஆள் இருந்தால் பிள்ளை இன்னும் கொஞ்சம் தாங்கும். வீட்டில் இதற்கு மணிக்கணக்கும் தேவையில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளை பேச்சை முடிக்கும்வரை காத்திருந்தால் போதும். அதுதான் நமக்கெல்லாம் கஷ்டமாக இருக்கிறது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. சிறுவர் பக்கத்தில் 'சரியான விடை எழுதுங்கள், பரிசு வெல்லுங்கள்' போட்டிக்கு அரைப் பக்கம் போகிறது. அதில் பாதியை எடுத்துப் பிள்ளைகள் அனுப்பும் கேள்விகளுக்குக் கொடுங்கள். பரிசு வேண்டாம். வாரம் மூன்று கேள்வி போதும், கேட்ட பிள்ளையின் சொற்களிலேயே, இலக்கணத்தைச் சரிசெய்யாமல் போடுங்கள், விஷயம் தெரிந்த ஒருவரைப் பதில் எழுதச் சொல்லுங்கள். பதில் எழுதுபவர் கடைசி வரியில் அந்தப் பிள்ளையிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்கட்டும், அது எழுதி அனுப்பினால் அடுத்த வாரம் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி