பாலக்காட்டுக் கடை விஷயம்

கண்ணு,

பாலக்காடு சுல்தான்பேட்டையில் நம் கட்டடத்தில் வாடகை தராமல் துணிக்கடை நடத்துகிறவரோடு, கேஸை இழுக்காமல் ராஜியாகப் போகிறேன் என்று சொன்னதும் போனில் அந்தக் கத்து கத்தினாய். கோபம் நியாயம்தான், ஆனால் துபாயில் உட்கார்ந்துகொண்டு "பூட்டைப் போடுங்க, கரண்டைக் கட் பண்ணுங்க, தானா ஓடுவான்" என்று சொல்வது சுலபம். கேரளத்து வாடகைச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாடகைக்காரர் அனுபவித்துவரும் வசதி எதையும் கட்டட உடமைக்காரர் தக்க காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அவர் ஓடிப்போய் மனுப் போடுவார், வாடகை தராத மனுஷன் பாவப்பட்டவராகி நாம் அராஜகக்காரர்களாகிவிடுவோம்.

பொள்ளாச்சி மாமா வந்தால் இதே பேச்சுதான், தமிழ்நாட்டில் 1960 வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017-இல் புதுச் சட்டம் போட்டு 2019 பிப்ரவரியில் இருந்து நடப்பில் இருக்கிறதாம். இருக்கட்டும். நம் கட்டடம் மாநில எல்லையில் உள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறது, இங்கே கேரளத்தின் 1965 சட்டம்தான்.

அந்தச் சட்டம் நமக்கு எதிரி என்று நான் சொல்லவில்லை. வக்கீல் பொறுமையாகச் சொன்னார். வாடகை பாக்கி என்றால் முதலில் ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ், கிடைத்த 15 நாளுக்குள் 6 சதவீத வட்டியோடு கட்டிவிட்டால் அதோடு சரி. கட்டாவிட்டால்தான் கேஸ். கேஸில் நாம் ஜெயித்த பிறகும், ஒரு மாசத்துக்குள் பாக்கி, வட்டி, கோர்ட் செலவு எல்லாம் கட்டிவிட்டால் காலி செய்யச் சொன்ன உத்தரவே ரத்தாகி அவர் அங்கேயே இருக்கலாம். அதனால்தான் உன் தங்கச்சி தையல் கடை வைக்க வேண்டும் என்று சொந்தத் தேவையையும் சேர்த்துப் போட்டோம். அதற்கு அவர், பிழைப்பே இந்தக் கடைதான், பக்கத்தில் வேறு இடம் கிடைக்கவில்லை என்று எதிர்மனு போட்டார். இரண்டையும் அவர்தான் நிரூபிக்க வேண்டும், நல்ல விஷயம், ஆனால் நிரூபிக்கச் சாட்சி வேண்டும், சாட்சிக்கு வாய்தா, அப்புறம் வக்கீலுக்குக் காய்ச்சல், அதற்கொரு வாய்தா. கூண்டில் நின்ற என்னிடம், "மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறாரே, மகள் எதுக்குத் தைக்கணும்?" என்று கேட்டார்கள். "சம்பாதிக்கிறது அவன், தைக்கிறது இவ" என்று மலையாளத்திலேயே சொன்னேன், கோர்ட்டில் சிரித்துவிட்டார்கள். உன் தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை.

இது முதல் படிதான் கண்ணு. இதற்கு மேல் ஜில்லா கோர்ட்டில் அப்பீல், அப்புறம் எர்ணாகுளத்தில் ஹைகோர்ட், எல்லாம் முடிந்தாலும் உத்தரவை நடத்தித்தரச் சொல்லி நிறைவேற்று மனுப் போட்டு, கோர்ட் ஊழியர் ஆமீன் வந்து அவரை இறக்கிவிட வேண்டும். அதுவரை நகரசபை வரி நம் பெயரில், கரண்ட் கனெக்ஷன் நம் பெயரில், அவர் பில் கட்டாவிட்டால் மின்வாரியம் நம்மைத்தான் தேடும். வாடகை தராதவர் மழை பெய்தால் மட்டும் சீலிங் ஒழுகுவதை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார், "சேச்சி, பெட்டெந்நு நன்னாக்கித் தரணம்" என்று, சீக்கிரம் சரிசெய்து தரணுமாம். லோன் போட்டு வாங்கிய ரெண்டு தையல் மிஷினும் நம் கொழிஞ்சாம்பாறை வீட்டுத் திண்ணையில் பழைய சேலை போர்த்திக் கிடக்கின்றன. தவணை மட்டும் மாசாமாசம் ஓடுகிறது.

கஷ்டத்தில் இருக்கிறவர் வேறு, காலம் கடத்துகிறவர் வேறு. கொரோனா சமயத்தில் இதே ஆளிடம் நான் பாதி வாடகைதான் வாங்கினேன், உனக்கே தெரியும். இப்போது அவருக்கு வியாபாரம் நடக்கிறது, கல்லாவில் ஆள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு இன்னொரு மாசம் சும்மா கடை நடத்தக் கிடைத்த லாபம், எங்களுக்கு நஷ்டம், நான் பார்த்த கணக்கு இவ்வளவுதான். பாக்கி வசூலானாலும் உன் தங்கச்சிக்குப் போன வருஷங்களுக்கு யாரும் வட்டி போட்டுத் தரப்போவதில்லை.

அதனால் பேசி முடித்துவிட்டேன். அட்வான்ஸை நாம் வைத்துக்கொள்கிறோம், அதற்கு மேல் உள்ள பாக்கியை விட்டுவிடுகிறோம், ஓணம் வியாபாரம் முடிந்ததும் அவர் சாவியைத் தர வேண்டும், அதுவரை கரண்ட் பில் அவர் பொறுப்பு. வாய்ப்பேச்சாக விடவில்லை, இரண்டு வக்கீலும் கையெழுத்துப் போட்டு ராஜி மனுவாகக் கோர்ட்டிலேயே கொடுத்தாயிற்று. ஓணத்தை விட்டுக்கொடுத்தது உனக்குப் பிடிக்காது என்று தெரியும், ஆனால் அது இல்லாவிட்டால் அவர் சம்மதித்திருக்க மாட்டார், துணிக்கடைக்காரருக்கு வருஷத்தில் ஓணம் ஒன்றுதானே.

நீ இப்போது செய்ய வேண்டியது, அந்த ஆளுக்குப் போன் போட்டுத் திட்டாமல் இருப்பது. அப்புறம் ஷட்டர் மாற்றவும் சீலிங் பூசவும் கொஞ்சம் பணம் வேண்டும், கொத்தனார் கணக்குக் கொடுத்ததும் அனுப்புகிறேன், முடிந்ததைப் போடு. பேத்திக்கு ஜுரம் விட்டதா?

அம்மா